பிறக்காத நாள்

சுடரொளி வால்வு கம்பெனியில் நூற்று இருபத்தொன்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் முப்பத்தேழு பேர் ஜூன் மாதம் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். கம்பெனி ரிஜிஸ்டர் அப்படித்தான் சொன்னது. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி முப்பது வருஷமாக நடந்துவரும் அந்தக் கம்பெனியில் இதை ஒருவரும் அதிசயமாக நினைத்ததில்லை. 2005-ஆம் வருஷம் மே மாதம் புதிதாக வந்து சேர்ந்த ஷாயிஸ்தாதான் முதன்முதலில் வாயைப் பிளந்தாள்.

ஷாயிஸ்தாவுக்கு இருபத்து நாலு வயது. எம்.பி.ஏ. முடித்த கையோடு வந்தவள். முதலாளியின் மகன் பொறுப்பேற்ற பிறகு, ஆட்களைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவளை எடுத்திருந்தார்கள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவது என்று அவள் ஆரம்பித்தாள். ஜூன் ஒன்றாம் தேதிக்கு முப்பத்தேழு பெயர் எழுத இடம் போதாமல் பேக்கரிக்காரர் மூன்று கேக்காகப் பிரித்துக் கொடுத்தார். வெட்டியவர்களில் ஒருவருக்கும் அன்று பிறந்தநாள் இல்லை.

"அதெப்படி முப்பத்தேழு பேரும் ஒரே நாள்ல பொறந்தீங்க?" என்று அவள் கேட்டபோது கேன்டீனே சிரித்தது.

"அது எங்கம்மா பெத்த தேதி இல்ல மேடம், எட்மாஸ்டரு பெத்த தேதி," என்றான் பேக்கிங் பிரிவு மாரி. "ஸ்கூல்ல சேக்கச்சொல்ல, கைய தலைக்கு மேல சுத்தி அந்தாண்ட காதைத் தொடுடான்னாரு. தொட்டேன். ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்கினாரு. அவருக்கு இன்னா, கட்டம் ரொம்பினா சரி."

அந்தச் சிரிப்பில் சேராமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தேவானந்தம். அவரும் முப்பத்தேழில் ஒருவர். ரிஜிஸ்டரில் அவர் பிறந்தது 1.6.1949. தாய் வயிற்றிலிருந்து பிறந்தது 14.10.1946. சின்ன வயதில் இரண்டு வருஷம் காய்ச்சலில் கிடந்து, ஏழு வயதில் பள்ளிக்கூடம் போனவரை, ஆள் நோஞ்சானாக இருந்ததால் ஐந்து என்று எழுதிவிட்டார் தலைமை ஆசிரியர். கம்பெனியில் ஐம்பத்தெட்டு முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மைக் கணக்கில் அவர் போன அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும். ரிஜிஸ்டர் கணக்கில் 2007 மே முப்பத்தொன்று வரை இருக்கலாம்.

அவருக்கு அந்த நாட்கள் சம்பளத்துக்காக வேண்டியிருக்கவில்லை. கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டுக்காக வேண்டியிருந்தன. அவர் மனைவி ஜெயசீலிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்குக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கவுன்டரில் கார்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். கார்டு இல்லாதவர்கள் காத்திருக்கும் பெஞ்சையும், அந்த பெஞ்சில் போன வாரம் இருந்த முகம் இந்த வாரம் இல்லாமல் போவதையும் அவர் பார்த்திருக்கிறார். பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு அவள், அவளுக்கு அந்த மெஷின்.

ஜெயசீலிக்கு ரிஜிஸ்டர் தேதி விஷயம் தெரியாது. கம்பெனியில் ரிட்டயர்மென்ட் அறுபது வயதில் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வராத நாளிலும் டிக்கெட் எடுத்தே ஏறுகிறவள் அவள். பொய்த் தேதி ஒன்றின் தயவில்தான் தன் ரத்தம் சுத்தமாகிறது என்று தெரிந்தால், ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள். அதனால் சொல்லவில்லை. அவர் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது அதுதான்.

ஷாயிஸ்தா சோர்ந்துபோகிற பெண் இல்லை. ஒரு வாரத்துக்குள் புதுத் திட்டத்தோடு வந்தாள். சரியான பிறந்தநாள்தான் யாருக்கும் இல்லையே, பிறக்காத நாளைக் கொண்டாடினால் என்ன? வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மாலை நாலு மணிக்கு ஒரு பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. அந்த ஆளுக்குத் தங்கநிற அட்டையில் கிரீடம், ஜரிகை சுற்றிய நாற்காலி, ஒரு கேக், எல்லாரும் சேர்ந்து "பொறக்காத நாள் வாழ்த்துகள்" என்று பாட்டு. கடைசியாக அந்த ஆள் எழுந்து தன் அசல் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும். அதை அவள் சுவரில் ஒட்டிய பெரிய சார்ட்டில் எழுதுவாள். ஒரு கட்டத்தில் சர்ட்டிபிகேட் தேதி, அடுத்த கட்டத்தில் அசல் தேதி. அடுத்த வருஷம் அவரவர் அசல் நாளில் கேக் வரும்.

ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஐம்பது வயது ஆண்கள் கிரீடத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

ஜூலை மாதம் மாரியின் சீட்டு வந்தது. கிரீடம் அவன் தலைக்குச் சின்னதாக இருந்தது.

"தேதிலாம் தெரியாது மேடம். சுதந்திரம் வந்து எல்லாருக்கும் முட்டாய் குடுத்தாங்களாமே, அப்ப நான் தவழ்ந்துகினு போயி எங்கக்கா முட்டாயப் புடுங்கித் துன்னுட்டேனாம். எங்கம்மா சாவற வரிக்கும் அதையே சொல்லிகினு இருந்துச்சி."

கை தட்டினார்கள். ஷாயிஸ்தா சார்ட்டில் '1947 தொடக்கம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு மிட்டாய் படமும் வரைந்தாள். ரிஜிஸ்டரில் மாரி பிறந்தது 1950.

சுவரில் ஒட்டியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பர்சனல் மேனேஜர் தட்சிணாமூர்த்தியும் படித்தார். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார் என்று கேஷியர் அரிகிருஷ்ணன் சொன்னான். ஆளைக் குறை என்று முதலாளியின் மகன் அவரை நாலு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மாரியைக் கூப்பிட்டார்கள். வயதை மறைத்து வேலை வாங்கிய குற்றத்துக்கு நடவடிக்கையா, தானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதா என்று கேட்டார்கள். மாரி எழுதிக் கொடுத்தான். வெளியே வந்து, "ஒரு முட்டாய்க்கு வேலை பூட்ச்சி, பாரு அண்ணா," என்று தேவானந்தத்திடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ஷாயிஸ்தா அன்று பாத்ரூமில் அழுததாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கேக் வந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். கிரீடம் வைத்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வயது குறைந்தது. ஒருவன், தான் ஐம்பத்தாறில் பிறந்ததாகச் சொன்னான். அவன் தம்பி அதே கம்பெனியில் லேத்தில் நிற்கிறவன், ஐம்பத்துநாலில் பிறந்தவன். தேவானந்தமும் ஒரு தேதி தயார் செய்து வைத்திருந்தார். 1950 ஜனவரி 9. ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டே அதைச் சத்தம் வராமல் சொல்லிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் கடைசி வரிசையில் போய் உட்காருவார். வேறு யார் பெயராவது வந்தால், அந்த ஆளுக்காகக் கை தட்டுவார். மற்றவர்களை விடப் பலமாகத் தட்டுவார்.

ஆகஸ்டில் தட்சிணாமூர்த்தி, ஷாயிஸ்தாவின் மேஜைக்கே போய் நின்று ஒரு யோசனை சொன்னார். "ஏம்மா, இவனுங்களே சொன்னா எல்லாம் புருடா. சுவாரஸ்யமே இல்ல. வீட்டு ஆளுங்களைக் கூப்பிடேன். சர்ப்ரைஸா. பொண்டாட்டி வந்து சொன்னா எவ்ளோ நல்லாயிருக்கும்!"

"சூப்பர் சார்!" என்றாள் ஷாயிஸ்தா. அவள் மனதில் கல்மிஷம் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல விழா வேண்டும், அவ்வளவுதான். சீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால்தானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட முடியும் என்பதால், எடுக்கும் பொறுப்பைத் தட்சிணாமூர்த்தியே ஏற்றுக்கொண்டார்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, "இந்த வாரம் நம்ம ஸ்டோர்ஸ் தேவானந்தம் சார்!" என்று ஷாயிஸ்தா கூவினாள். ஒவ்வொரு வெள்ளியும் அவர் எதிர்பார்த்ததுதான். எழுந்தார். கிரீடத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஜனவரி ஒன்பது, ஐம்பது. ஜனவரி ஒன்பது, ஐம்பது. ஜரிகை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், கண்ணை மூடுங்க."

மூடினார். கேன்டீன் கதவு திறந்தது. ஓ என்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நடை வந்தது. உலகத்தில் அந்த நடை ஒன்றுதான். அவர் கண்ணைத் திறந்தார்.

ஜெயசீலி நின்றுகொண்டிருந்தாள். கல்யாண நாளுக்குக் கட்டுகிற மாம்பழ நிறப் புடவை. மெஷின் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன இடது கையை முந்தானையால் மூடியிருந்தாள். வலது கையில், வெள்ளைத் துண்டில் சுற்றி, அவர் அப்பாவின் பைபிள்.

"என்னங்க, பயந்துட்டீங்களா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இந்தப் பொண்ணு ஆட்டோ வெச்சுக்கிட்டு வீட்டுக்கே வந்துருச்சி. உங்களுக்கு விழா எடுக்கிறாங்களாம். பொறந்த தேதிக்கு ஏதாவது ரெக்கார்டு இருக்கா ஆன்ட்டின்னு கேட்டுச்சி. இல்லாமலா? மாமா கையெழுத்தே இருக்கேன்னு எடுத்துக்கிட்டு வந்தேன்."

"ஜெயா, நீ உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு," என்று அவர் எழுந்து பைபிளுக்குக் கை நீட்டினார்.

"ராஜா எழுந்திருக்கக் கூடாது!" என்று அரிகிருஷ்ணன் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் தட்சிணாமூர்த்தி கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஜெயசீலி துண்டைப் பிரித்தாள். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு நடுவில் உள்ள தாளில், குடும்பத்தில் நடந்த பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் மாமனார் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், அக்டோபர் மாதம் பதினாலாம் தேதி, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, கர்த்தருடைய கிருபையால் எங்களுக்கு ஒரு குமாரன் பிறந்தான். தேவானந்தம் என்று பேரிட்டோம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. ஷாயிஸ்தா மார்க்கரை எடுத்துக்கொண்டு சார்ட்டை நோக்கி நடந்தாள்.

"அது நான் இல்ல!"

தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கேன்டீன் அடங்கியது.

"அது எங்க அண்ணன். எனக்கு முன்னால பொறந்து, கைக்குழந்தையிலேயே தவறிட்டான். அதே பேரைத்தான் எனக்கும் வெச்சாங்க. நான் பொறந்தது ஐம்பது. ஜனவரி ஒன்பது."

நல்ல பொய். எத்தனையோ குடும்பத்தில் நடக்கிற விஷயம். இரண்டு மூன்று பேர் 'ஓ' என்று தலையாட்டினார்கள். ஷாயிஸ்தாவின் மார்க்கர் நின்றது.

ஜெயசீலி கலகலவென்று சிரித்தாள். "என்னங்க சொல்றீங்க? உங்களுக்கு ஏது அண்ணன்? மேல அக்கா, கீழ தங்கச்சி, நடுவுல நீங்க ஒரே ஆம்பளைப் பிள்ளை! இந்தா பாருங்க, வரிசையா இருக்கு."

"ஜெயா. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருஷமா தெரியாதா?" அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். "வயசக் குறைச்சுக்க ஆசை பாருங்க இவருக்கு!"

"சாருக்கு வேற பொண்ணு பாக்குறோம்மா, அதான்!" என்றான் அரிகிருஷ்ணன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெயசீலியும் சேர்ந்து சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறொரு இடத்துக்கு வந்திருக்கிறாள். இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் சொல்வதுபோல, ஆனால் முன்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "விளையாட்டுக்குக்கூட வேதத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க."

ஷாயிஸ்தா எழுதினாள். 14.10.1946. பக்கத்தில் சின்னதாக ஒரு பைபிள் படம் வரைந்தாள்.

தட்சிணாமூர்த்தி முன்னால் வந்து, ஒரு துண்டு கேக்கைத் தன் கையாலேயே தேவானந்தத்தின் வாயில் ஊட்டினார். "சாப்பிடுங்க சார். நல்ல நாள்." அவர் மென்றார்.

மறுநாள் சனிக்கிழமை, மாரிக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார்கள். சர்ட்டிபிகேட்தான் சட்டப்படி செல்லும் என்று தேவானந்தம் சொல்லிப் பார்த்தார்.

"செல்லும் சார். யார் இல்லேன்னா? கோர்ட்டுக்குப் போங்க. ஏழெட்டு வருஷத்துல தீர்ப்பு வந்துரும்," என்றார் தட்சிணாமூர்த்தி. "அதுவரைக்கும் அம்மாவை வெயிட் பண்ணச் சொல்லுங்க."

தேவானந்தம் எழுந்து நின்றார். அடிக்க வேண்டும் என்று தோன்றியது. அடிக்கத் தெரியாததால் மறுபடியும் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை காலைல கையெழுத்துப் போட்டுட்டு, கார்டை சரண்டர் பண்ணிருங்க."

"திங்கக்கிழமை மத்தியானம் அவளுக்கு மெஷின் சார்."

"தெரியும் சார். அதான் காலைலயே வாங்கன்னு சொல்றேன்."

வீட்டில் ஜெயசீலி மீதிக் கேக்கை டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள். நர்ஸ் ஞானஜோதிக்குக் கொடுக்க வேண்டுமாம். நேற்று நடந்ததை ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க ஏன் அப்படி ஒரு பொய் சொன்னீங்க? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சி. உண்மையைச் சொன்னதுல நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

எதையும் சொல்லக்கூடாது என்றுதான் அவர் நடந்து வந்திருந்தார். இந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"சொல்றேன், கேட்டுக்கோ," என்றார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எட்மாஸ்டர் எழுதிய தேதி. ஐம்பத்தெட்டு. மாரி. கார்டு. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறுவதைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசியில், "உன் வாயால நீயே வாசிச்ச, ஜெயா. சர்ச்சுல வாசிக்கிற மாதிரி வாசிச்ச," என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை அடித்ததில்லை. அன்று அடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் அழவில்லை. ஊசியைப் பிடுங்கிப் போடுவாள், கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள் என்றெல்லாம் அவர் இத்தனை காலம் நினைத்திருந்தாரே, அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை. "எனக்குச் சாகப் பயமா இருக்குங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அவருக்கு முன்னாலேயே குளித்து, பைபிளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன். உங்களுக்கு அண்ணன் இருந்தாரு."

தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று, அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். அவள் குடிக்கவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அது ஆஸ்பத்திரிக்கு அப்புறம். பைபிளை மேஜைமேல் வைத்து, அதன்மேல் வீங்கின கையை வைத்தாள்.

"சார், வெள்ளிக்கிழமை நான் தெரியாம சொல்லிட்டேன். அதுல எழுதியிருக்கிறது இவருக்கு மூத்தவரு. செத்துட்டாரு. இவரு அப்புறம் பொறந்தவரு."

"அப்படியா?" தட்சிணாமூர்த்தி அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "கொஞ்சம் பாக்கலாமாம்மா?" அவள் கையை மெல்ல நகர்த்திவிட்டு, அந்தத் தாளைப் புரட்டினார். விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "நாப்பத்துமூணு, மகள். நாப்பத்தாறு, தேவானந்தம். ஐம்பத்தொண்ணு, மகள். அப்ப சார் பொறந்தது எங்கம்மா?"

"அது... அவரை எழுத மறந்துட்டாங்க."

"மூத்தவரு செத்ததையும் மறந்துட்டாங்களா? உங்க மாமனார் ஆட்டுக்குட்டி செத்ததைக்கூட எழுதுற ஆளா இருப்பார் போல இருக்கே, கையெழுத்தைப் பாத்தா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொல்லும் பொய் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் தேவானந்தம் பார்த்தார். "விடு ஜெயா, வா போகலாம்," என்றார்.

"இருங்க சார். அம்மா சொல்றதை நான் நம்பலைன்னு சொல்லலையே." தட்சிணாமூர்த்தி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. இந்த வேதத்தின் மேல ஆணையா, இதுல உள்ளது என் புருஷன் இல்ல, இறந்துபோன அவர் அண்ணன்னு. மேனேஜ்மென்ட்டுக்கு வெக்கிறேன்."

ஜெயசீலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதினா கார்டு இருக்குமா சார்?"

"எழுதுங்கம்மா, பாக்கலாம்."

தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடியில் தாள் வழுக்கியது. தட்சிணாமூர்த்தி கண்ணாலேயே பைபிளைக் காட்டினார். அவள் தாளைப் பைபிள் அட்டையின்மேல் வைத்து எழுதினாள். 'ஆணை' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

தட்சிணாமூர்த்தி வாங்கி ஒரு தரம் படித்தார். நாலாக மடிக்காமல், கசங்காமல், தேவானந்தத்தின் ஃபைலில் வைத்துக் கயிற்றைக் கட்டினார்.

"பொய்ச் சத்தியம் பண்ணின ரெக்கார்டும் சேந்துருச்சு. இனிமே கோர்ட்டுக்குப் போனாலும் எங்களுக்குக் கவலையில்லை," என்றார் சாதாரணமாக. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணேகால் ஆயிருச்சு. சார், கார்டு?"

தேவானந்தம் சட்டைப்பைக்குள் கை விட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கார்டு விரலில் பட்டது. அவர் அதை எடுக்கவும் இல்லை, கையை வெளியே எடுக்கவும் இல்லை. ஜெயசீலி அவர் கையைப் பிடித்து, பையிலிருந்து வெளியே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கார்டை எடுத்தாள். மேஜைமேல், பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பைபிளை எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, இதை மறந்துட்டீங்க," என்றார் தட்சிணாமூர்த்தி.

"அதுவும் இங்கயே இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "உங்க ரெக்கார்டுக்கு."